ஹாலஜனைக் கழற்றி எல்இடி மாட்டுவது: ஹெட்லைட் பல்பு மாற்றும் முறை

ஹெட்லைட் மங்கலாகத் தெரிந்தால் பழி முதலில் பல்பின் மேல்தான் விழும். பல வண்டிகளில் கோளாறு வேறு இடத்தில் இருக்கும். பணத்தை எடுக்கும் முன் இரண்டு இடங்களைப் பாருங்கள்.

ஒன்று, முன்பக்க லென்ஸ். இன்றைய கார்களில் அது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். வெயில் பட்டுப் பட்டு மேல்பூச்சு போய் மஞ்சளித்துவிடும். அப்படி மங்கிய லென்ஸுக்குப் பின்னால் எல்இடி வைத்தால் வெளிச்சம் எல்லாப் பக்கமும் சிதறி, எதிரே வருபவர் கண்ணைத்தான் கூசவைக்கும். லென்ஸைத் தேய்த்துப் பாலிஷ் போட்டுவிட்டு மேற்கொண்டு யோசிக்கலாம்.

இரண்டு, பல்புக்கு வந்து சேரும் வோல்டேஜ். எஞ்சினை ஓடவிட்டு, டிம் லைட்டைப் போட்டு, மல்டிமீட்டரை முதலில் பேட்டரியில் வையுங்கள். பிறகு பல்பின் பின்னால் ஒயரோடு செருகியிருக்கும் கப்ளரைக் கழற்றாமல் அதன் பின்பக்கம் வழியாகப் பல்பின் முனைகளில் வையுங்கள். இரண்டுக்கும் அரை வோல்ட் வரை வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. ஒரு வோல்ட்டுக்கு மேல் போனால் எர்த்தோ, ரிலேயோ, கப்ளரோ துருப்பிடித்திருக்கிறது. வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலும் ஹாலஜன் ஒளி வெகுவாக இறங்கும்: 13.5 வோல்ட்டுக்குப் பதில் 12.5 கிடைத்தால் ஏறக்குறைய கால்பங்கு வெளிச்சம் போய்விடும். அந்த எர்த்தைச் சுரண்டிச் சுத்தம் செய்து முடுக்கினாலே சிலருக்கு வேலை முடிந்துவிடும். சரிசெய்யாமல் எல்இடி மாட்டினால் அதே துரு பிறகு விளக்கை மினுக்கவைக்கும்.

இவை இரண்டும் சரியாக இருந்தும் வெளிச்சம் போதவில்லை என்றால் மேலே படியுங்கள்.

பல்பின் எண்

ஒவ்வொரு ஹெட்லைட்டும் ஒரு குறிப்பிட்ட வகைப் பல்புக்காக வடிவமைக்கப்பட்டது. வண்டியின் கையேட்டிலும், பழைய பல்பின் அடிப்பகுதி உலோகத்திலும் அந்த எண் பொறித்திருக்கும். எச்4 என்றால் ஒரே பல்பில் டிம், பிரைட் இரண்டும்; 60/55 வாட், மூன்று முனை, மூன்று காது. எச்7 ஒற்றை இழை, 55 வாட், இரண்டு தட்டை முனை. எச்11 பக்கவாட்டில் வளைந்த பிளாஸ்டிக் அடி கொண்டது, அதுவும் 55 வாட். பிரைட்டுக்கு எச்பி3 எனப்படும் 9005, டிம்முக்கு எச்பி4 எனப்படும் 9006 போட்ட வண்டிகளும் உண்டு. டிம்முக்கு ஒன்று, பிரைட்டுக்கு வேறொன்று என்று இருக்கும். ஒன்றைப் பார்த்துவிட்டு இரண்டுக்கும் சேர்த்து வாங்கிவிடாதீர்கள்.

அடுத்து, உங்கள் விளக்கு ரிஃப்ளெக்டரா, புரொஜெக்டரா என்று பாருங்கள். உள்ளே முட்டைக்கண் போல ஒரு குவிந்த லென்ஸ் தெரிந்தால் புரொஜெக்டர். வெள்ளிக் கிண்ணமும் அதன் நடுவே பல்பும் தெரிந்தால் ரிஃப்ளெக்டர். புரொஜெக்டருக்குள் ஒளியை வெட்டும் ஒரு தகடு இருப்பதால், பல்பு கொஞ்சம் பிசகினாலும் மேலே போகும் ஒளியை அது தடுத்துவிடும். ரிஃப்ளெக்டரில் அந்தக் காவல் கிடையாது. எல்லாப் பொறுப்பும் பல்பின் தலையில்.

இழை இருந்த இடத்தில்தான் சிப் இருக்க வேண்டும்

எல்இடி மாற்றத்தின் மொத்த சூட்சுமமும் இதுதான். பெட்டியில் எத்தனை லூமென் (ஒளியின் அளவு) போட்டிருக்கிறது என்பதெல்லாம் பிறகு.

ஹாலஜன் பல்பில் ஒளி பிறப்பது ஒரு சின்னச் சுருள் இழையில். நீளம் சில மில்லிமீட்டர், தடிமன் ஒன்றரை மில்லிமீட்டர் சுமார். ரிஃப்ளெக்டரின் ஒவ்வொரு வளைவும் அந்த ஒரு புள்ளியைக் கணக்கில் வைத்து வார்க்கப்பட்டது. ஒளி பிறக்கும் இடம் ஒரு மில்லிமீட்டர் முன்னே பின்னே போனாலும் சாலையில் விழும் வடிவம் குலையும்.

எல்இடி பல்பில் இழைக்குப் பதிலாக ஒரு மெல்லிய தகட்டின் இரு பக்கமும் ஒளி தரும் சிப்கள் ஒட்டப்பட்டிருக்கும். அந்தத் தகடு எவ்வளவு தடியோ, இரு பக்கச் சிப்களும் அவ்வளவு விலகி நிற்கும். தகடு தடித்தால் ஒரே இழைக்குப் பதில் இரண்டு இழை தள்ளித் தள்ளி எரிவது போலாகிவிடும். நடுவில் இருள் விழுவதும் ஓரங்களில் ஒளி பிதுங்குவதும் இதனால்தான்.

வாங்கும் இடத்திலேயே ஒரு சோதனை செய்யலாம். பழைய ஹாலஜன் பல்பைக் கூடவே கொண்டுபோய், புதியதையும் அதையும் பக்கத்தில் பக்கமாகப் படுக்கவையுங்கள். ஹெட்லைட்டில் போய் உட்காரும் அடிப்பகுதி வளையங்கள் இரண்டிலும் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். அந்த வளையத்திலிருந்து இழை தொடங்கும் இடத்தையும் முடியும் இடத்தையும் அளவுகோலால் அளந்து, சிப் வரிசையின் தொடக்கமும் முடிவும் அதே இடத்தில் வருகிறதா என்று பாருங்கள். சிப் வரிசை இழையைவிட நீளமாக இருந்தால் வேண்டாம். எவ்வளவு பிரகாசமாக இருந்தாலும் வேண்டாம்.

எச்4 வாங்குபவர்கள் இன்னொன்றும் பார்க்க வேண்டும். ஹாலஜன் எச்4-ஐ வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். நுனிப் பக்கம் உள்ள டிம் இழைக்குக் கீழே கரண்டி போல ஒரு உலோகக் கிண்ணம் இருக்கும். கீழ்நோக்கிப் போகும் ஒளி ரிஃப்ளெக்டரின் அடிப்பாதியில் பட்டு மேலே எகிறாமல் அதுதான் தடுக்கிறது. கூர்ந்து பார்த்தால் கிண்ணத்தின் ஒரு விளிம்பு மற்றதைவிடக் கொஞ்சம் தாழ்ந்திருக்கும். டிம் போட்டால் சாலையோரப் பக்கம் மட்டும் ஒளி சற்று மேலே ஏறி, நடந்து போகிறவர்களையும் வழிகாட்டிப் பலகைகளையும் காட்டுகிறதே, அது இந்தத் தாழ்வினால் வருவது. எல்இடி எச்4-இலும் டிம் சிப்களுக்கு அடியில் அப்படியொரு கிண்ணம் இருக்க வேண்டும். கிண்ணமே இல்லாத எச்4 எல்இடியை டிம்மில் போட்டாலும் எதிரே வருபவருக்கு அது பிரைட்தான்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பது

ஹாலஜன் எச்7-இன் நிர்ணயிக்கப்பட்ட ஒளி 1,500 லூமென், எச்11-க்கு 1,350. எச்4-இல் பிரைட் 1,650, டிம் 1,000. இப்படியிருக்க 20,000 லூமென் என்றும் 200 வாட் என்றும் போட்ட பெட்டிகள் கடையில் தொங்கும். கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு குளிர்விப்பானால் அந்தச் சூட்டை வெளியேற்றவே முடியாது. ஒரு பல்புக்கு 20 முதல் 30 வாட் வரை நிஜமாக இழுத்தால் அது நம்பக்கூடிய கணக்கு. ஆம்பியர் மீட்டர் இருந்தால் பார்த்துவிடலாம்: 13.5 வோல்ட்டில் 2 ஆம்பியர் என்றால் 27 வாட்.

நிறத்தில் ஹாலஜன் 3,200 கெல்வின் சுமார், இளமஞ்சள். எல்இடியில் 6,000 முதல் 6,500 வரை பரவலாகக் கிடைக்கிறது. அதற்கு மேல் நீலம் ஏறும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், சாலையைக் காட்டாது. 5,000-ஐ ஒட்டிய வெள்ளை கிடைத்தால் கண்ணுக்கு இதம்.

குளிர்விக்கும் முறையில் ஃபேன் வைத்தது, ஃபேன் இல்லாமல் உலோகச் சிறகுகளோ பின்னல் பட்டைகளோ வைத்தது என்று இரண்டு உண்டு. ஃபேன் உள்ளது சூட்டை நன்றாக இறக்கும். ஆனால் தூசி அடைத்து ஃபேன் நின்றால் பல்பின் ஆயுளும் முடிந்தது. எதுவானாலும் ஹெட்லைட்டின் பின்பக்க மூடிக்குள் அடங்க வேண்டும். பல்பின் வால்பகுதி நீளத்தையும் மூடிக்குள் இருக்கும் ஆழத்தையும் முன்கூட்டியே அளந்துகொள்ளுங்கள். மூடி மூடாவிட்டால் அப்படியே திறந்துவிடலாம் என்று சிலர் சொல்வார்கள். முதல் மழையிலேயே லென்ஸுக்குள் நீர் கோத்துக்கொள்ளும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். லென்ஸின் மேல் எச்சி (HC), எச்ஆர் (HR), எச்சிஆர் (HCR) என்ற எழுத்துகள் பொறித்திருந்தால் அந்த விளக்கு ஹாலஜனுக்கு மட்டும் அனுமதி பெற்றது. ஜெர்மனியில் 2020-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் எச்7 எல்இடி பல்பு ஒன்றுக்கு அனுமதி கிடைத்தது. அதுவும் பட்டியலில் உள்ள வண்டி மாடல்களுக்கு மட்டும். உங்கள் ஊர் விதியை வாங்கும் முன் பார்த்துக்கொள்ளுங்கள். வண்டிப் பரிசோதனையிலும் காப்பீட்டிலும் பிறகு பேச்சு வரக்கூடாது.

கழற்றும் முன் சுவரில் கோடு

அநேகமாக எல்லாரும் தாண்டிப்போகும் படி இது. பழைய வெளிச்சம் எங்கே விழுந்தது என்று தெரியாமல் புதியதைச் சரிபார்க்க முடியாது.

சமதளத்தில், சுவருக்கு நேராக, ஹெட்லைட்டிலிருந்து 5 மீட்டர் தள்ளி வண்டியை நிறுத்துங்கள். டயர்களில் காற்று சரியாக இருக்கட்டும். ஓட்டுநர் இருக்கையில் ஒருவர் உட்காரட்டும். உள்ளே ஹெட்லைட்டை ஏற்றி இறக்கும் திருகு இருந்தால் பூஜ்யத்தில் வையுங்கள். டிம்மைப் போட்டு, ஒவ்வொரு விளக்காக மற்றதைத் துணியால் மூடிவிட்டு, வெளிச்சத்தின் மேல்விளிம்பையும் அது வளைந்து ஏறும் இடத்தையும் ஒட்டுநாடாவால் சுவரில் குறியுங்கள். ஃபோனில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

மாட்டுவது

தேவையானவை: சுத்தமான கையுறை, ஒரு டார்ச், ஸ்க்ரூ டிரைவர், சில வண்டிகளுக்கு 10 மி.மீ. ஸ்பேனர், நாலைந்து கேபிள் டை. கை நுழைய இடமில்லாத வண்டிகளில் பேட்டரியையோ காற்று வடிகட்டிப் பெட்டியையோ ஹெட்லைட்டையோ கழற்ற வேண்டி வரும்.

எஞ்சினை நிறுத்தி, லைட்டை அணைத்து, சாவியை எடுத்துவிடுங்கள். எரிந்துகொண்டிருந்த ஹாலஜன் கையைச் சுட்டுவிடும். கால்மணி நேரம் ஆறட்டும். கப்ளரின் உடலைப் பிடித்து நேராக இழுங்கள், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. அதன் பிளாஸ்டிக் பழுத்தோ உருகியோ இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

எச்11, எச்பி3, எச்பி4 வகைகள் சுலபம். பின்னாலிருந்து பார்த்து இடப்பக்கமாகக் கால் சுற்று திருப்பினால் கையோடு வந்துவிடும்.

எச்4-இல் முதலில் ரப்பர் மூடி. அதன் காதுகளைப் பிடித்துச் சுற்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். உள்ளே பல்பை அழுத்திப் பிடித்திருக்கும் கம்பிக் கிளிப் தெரியும். அதன் முனையை முன்னோக்கி அழுத்தி, பக்கவாட்டில் நகர்த்தி, கொக்கியிலிருந்து விடுவியுங்கள். எந்தப் பக்கம் நகர்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். பலவந்தம் செய்தால் கம்பி வளையும், இல்லை கீல் உடையும். அந்தக் கீல் ஹெட்லைட்டோடு சேர்ந்தே வருவது, தனியாகக் கிடைக்காது. எச்7-இலும் பெரும்பாலும் இதே மாதிரி கிளிப்தான். சில மாடல்களில் மட்டும் தனியாக ஒரு தாங்கி வளையம் பல்பைப் பிடித்திருக்கும். அங்கே எல்இடிக்கென்று அந்த மாடலுக்கான அடாப்டர் வாங்காமல் பல்பு நிற்காது.

எல்இடி எச்4-இன் வளையம் பெரும்பாலும் பல்பிலிருந்து தனியாகக் கழன்று வரும். அதைத் திருகிக் கழற்றி, மூன்று காதுகளில் அகலமானது மேலே வரும்படி ஹெட்லைட்டில் உட்காரவைத்து, கம்பிக் கிளிப்பைப் பூட்டுங்கள். பிறகு ரப்பர் மூடியை மாட்டுங்கள். கடைசியில் பல்பை மூடியின் துளை வழியாக நுழைத்து, வளையத்தில் பொருத்தித் திருப்புங்கள். வரிசை மாறினால் மூடியை மாட்ட முடியாமல் மறுபடி எல்லாவற்றையும் பிரிக்க வேண்டியதுதான்.

மாட்டி முடித்ததும் சிப்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று பாருங்கள். கடிகார முகத்தை நினைத்துக்கொண்டால் ஒரு பக்கச் சிப் 3 மணியையும் மறுபக்கச் சிப் 9 மணியையும் பார்க்க வேண்டும். மேலும் கீழுமாக நின்றால் ஒளிவடிவம் நாசம். எச்4-இல் கிண்ணம் கீழ்ப்பக்கம் இருக்க வேண்டும். பல பல்புகளில் வளையத்தின் சிறு திருகைத் தளர்த்தினால் பல்பைக் கொஞ்சம் சுழற்றிச் சரிசெய்யலாம். சிப்பின் மஞ்சள் பரப்பை விரலால் தொடாதீர்கள்.

எல்இடிக்குக் கரண்ட்டைச் சீராக்கித் தரும் டிரைவர் பெட்டி தனியாக இருந்தால் அதைத் தொங்கவிடாமல் கேபிள் டை போட்டுக் கட்டுங்கள். ரேடியேட்டர் ஃபேன், சூடான குழாய், பல்பின் சொந்த ஃபேன் மூன்றிலிருந்தும் ஒயர் விலகி இருக்கட்டும். மழைநீர் ஒயர் வழியாக வழிந்து பெட்டிக்குள் போகாமல், ஒயர் பெட்டிக்குக் கீழே ஒருமுறை தாழ்ந்து ஏறும்படி விடுங்கள்.

இரண்டு பக்கமும் ஒரே நாளில் மாற்றுங்கள். ஒரு பக்கம் மஞ்சள், மறுபக்கம் வெள்ளை என்று ஓட்டுவது எதிரே வருபவரைக் குழப்பும். கரண்ட் இழுப்பு குறைவதால் ஃப்யூஸை மாற்றத் தேவையில்லை.

எரியவிட்டுப் பார்ப்பது

ஒன்றும் எரியவில்லை என்றால் பயப்படாதீர்கள். எல்இடிக்கு பிளஸ், மைனஸ் உண்டு. கப்ளர் இரு பக்கமும் நுழையும் வகையானால் திருப்பிச் செருகுங்கள். எச்4-இல் டிம்மும் பிரைட்டும் குழம்பினாலோ, இரண்டும் சேர்ந்து மங்கலாக எரிந்தாலோ, உங்கள் வண்டியில் சுவிட்ச் மைனஸ் பக்கம் இருக்கிறது என்று அர்த்தம். ஜப்பானிய வண்டிகள் சிலவற்றில் இந்த அமைப்பு உண்டு. அதற்கென்று உள்ள மாற்று ஒயரைப் போட வேண்டும்.

டிம், பிரைட், பாஸ் அடிப்பது, தானியங்கி லைட், பகல் விளக்கு எல்லாவற்றையும் எஞ்சின் ஓடும்போது பாருங்கள். எஃப்எம் ரேடியோவைப் போட்டு, லைட்டைப் போடும்போது இரைச்சல் கிளம்புகிறதா என்று கேளுங்கள். கிளம்பினால் அது மட்டமான டிரைவர், மாற்றுவதே நல்லது. பிறகு கால்மணி நேரம் எரியவிடுங்கள். சூடேறியதும் தன்னைக் காத்துக்கொள்ளப் பல எல்இடிகள் வெளிச்சத்தைக் குறைக்கும். கடையில் ஒரு நிமிடம் போட்டுக்காட்டும் பளபளப்பை நம்பக்கூடாது என்பது இதனால்தான்.

இப்போது சுவருக்கு வாருங்கள். வண்டியைப் பழைய இடத்திலேயே நிறுத்தி டிம்மைப் போடுங்கள். மேல்விளிம்பு நீங்கள் ஒட்டிய நாடாவின் மேல் கூர்மையாக விழ வேண்டும். விளிம்புக்கு மேலே திட்டுத்திட்டாக வெளிச்சம் தெரிந்தால் பல்பின் கோணம் தவறு, இல்லை பல்பே தவறு. ஹெட்லைட்டைத் திருகால் இறக்கி அதை மறைக்கப் பார்க்காதீர்கள். சிதறலும் நிற்காது, தூரப் பார்வையும் போகும்.

வடிவம் சரியாக இருந்து உயரம் மட்டும் மாறியிருந்தால் திருகைத் தொடலாம். பொதுவான டிம் சாய்வு 1 சதவீதம். பல ஹெட்லைட்டுகளின் மேலேயே அந்தச் சதவீதம் அச்சிட்டிருக்கும். 5 மீட்டர் தூரத்தில் அது விளக்கின் நடுப்புள்ளியைவிட 5 செ.மீ. கீழே. விளக்கு தரையிலிருந்து 65 செ.மீ. உயரத்தில் இருந்தால் அந்தச் சாய்வில் ஒளி 65 மீட்டரில் தரையைத் தொடும். சுவரில் வெறும் இரண்டரை செ.மீ. மேலே ஏறினால் அதே ஒளி 130 மீட்டர் போகும். வழியில் வருகிறவர்கள் கண்ணையெல்லாம் குத்திக்கொண்டு.

வண்டிக்குப் பக்கத்தில் தரை வெள்ளைவெளேரென்று தெரிவதைப் பார்த்துப் பலர் திருப்தி அடைகிறார்கள். அருகே அதிக வெளிச்சம் இருந்தால் கண்பாவை சுருங்கிவிடும். தூரத்தில் நிற்கும் மாடும் பள்ளமும் முன்பைவிட மங்கலாகத்தான் தெரியும். ஆளில்லாத சாலையில் 50, 60 மீட்டர் தள்ளி ஒரு அட்டைப்பெட்டியை வைத்து, ஹாலஜனிலும் எல்இடியிலும் பார்த்தால் உண்மை தெரியும்.

பிறகு வரும் கோளாறுகள்

டேஷ்போர்டில் பல்பு போய்விட்டது என்று எச்சரிக்கை வந்தால், வண்டியின் கணினி கரண்ட்டை அளக்கிறது. ஹாலஜன் நாலரை ஆம்பியர் இழுத்த இடத்தில் இரண்டு மட்டும் இழுத்தால் அது பல்பு செத்ததாக எடுத்துக்கொள்ளும். சாவி போட்டதும் அணைந்திருக்கும் விளக்கு லேசாக மினுக்குவதும், பல்பைச் சோதிக்க அந்தக் கணினி அனுப்பும் சின்ன மின்துடிப்பால்தான். பல்பு சரியாக இருப்பதாகக் கணினிக்குக் காட்டும் கேன்பஸ் டிகோடர் என்ற சிறு பெட்டி இதற்குத் தீர்வு. டிகோடருக்குப் பதில் வெறும் ரெசிஸ்டர் போடுகிறவர்கள் ஒன்றை மறக்கக்கூடாது: 6 ஓம் ரெசிஸ்டர் 13.8 வோல்ட்டில் 30 வாட்டுக்கு மேல் சூடாக மாற்றும். தொட்டால் தோல் வெந்துவிடும். அதை உலோகத் தகட்டில் திருகி வையுங்கள். ஒயரோடும் பிளாஸ்டிக்கோடும் சேர்த்துக் கட்டாதீர்கள்.

பிரைட் விளக்கையே குறைந்த வோல்டேஜில் பகல் விளக்காக எரிக்கும் வண்டிகளில் எல்இடி துடிக்கும். அந்த வண்டிகளில் பிரைட்டை ஹாலஜனாகவே விட்டுவிடுவது மேல்.

லென்ஸுக்குள் பனித்துளி படிந்தால் ரப்பர் மூடி சரியாக உட்காரவில்லை. பனி பெய்யும் ஊர்களில் இன்னொரு தொல்லை: ஹாலஜன் சூட்டை முன்னால் தள்ளி லென்ஸில் படிந்த பனியை உருக்கும்; எல்இடி சூட்டைப் பின்னால் அனுப்புவதால் பனி அப்படியே நிற்கும், துடைக்க வேண்டும்.

ஒரு வாரம் ஓட்டிய பிறகு பானெட்டைத் திறந்து கிளிப், வளையம், கேபிள் டை தளர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். ஃபேன் உள்ள பல்பாக இருந்தால் சில மாதத்துக்கு ஒருமுறை தூசியை ஊதிவிடுங்கள். கழற்றிய ஹாலஜன் பல்புகளைக் கண்ணாடியில் கைபடாமல் புதியவற்றின் பெட்டியிலேயே போட்டு வண்டியில் வைத்திருங்கள். எல்இடி டிரைவர் போகும்போது முன்னறிவிப்பின்றி ஒரு பக்கம் முழுவதும் இருண்டுவிடும். கப்ளரை வெட்டி ஒட்டாமல் மாட்டியிருந்தால், வழியிலேயே பழையதைப் போட்டுக்கொண்டு வீடு வந்து சேரலாம்.